அம்மான் கல்

முதிரைமலையை மலை என்று சொன்னால் கண்டிக்காரன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பான். காட்டுக்கு நடுவில் ஒரு பெரிய கரும்பாறை, அதன் முதுகில் இரண்டு சுனை, அடிவாரத்தில் நாற்பது ஐம்பது வீடு, காடு வெட்டிப் போட்ட சோளச்சேனை, மரவள்ளி. அவ்வளவுதான். ஆனாலும் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, வயல்வட்டையெல்லாம் முடிந்து காடு தொடங்குகிற அந்தப் பக்கத்தில், நிலத்தை விட்டு எழும்பி நிற்பது அது ஒன்றுதான். ஆகவே அது மலை. அங்கே இருக்கிறவர்கள் மலைக்குடியார்.

அந்தச் சொல்லை வாவிக்குக் கிழக்கே, கடற்கரைப் பக்கத்தில் யாரும் மரியாதைக்குச் சொல்வதில்லை. ‘உடும்பு தின்னிகள்’ என்பதைக் குளிப்பாட்டி வேட்டி கட்டிவிட்டால் ‘மலைக்குடியார்’. இந்தக் கரையில் பிறந்துவிட்டோம் என்பதற்காக எங்களுக்கு இவ்வளவு கொழுப்பு எங்கிருந்து வந்ததோ தெரியாது. எங்கள் ஊரின் பேர் பெரியகல்லாறு. பேரில்தான் கல். ஊரைச் சல்லடை போட்டுச் சலித்தாலும் கடல் மணலும் வாவிச் சேறும் தவிர ஒரு கூழாங்கல் விழாது. இந்த லட்சணத்தில் மலையில் இருக்கிறவனைப் பார்த்து நாங்கள் சிரித்தோம்.

எங்கள் பள்ளிக்கூடமொன்றில் கணிதம் படிப்பித்த மூர்த்தி சேரும் சிரித்தார். முழுப்பேர் வினாயகமூர்த்தி. வெள்ளைச் சட்டை, கால்சட்டைக்குள் விட்ட மடிப்புக் கலையாமல் பள்ளிக்கு வந்து போகிற மனிதர். யாராவது மலைக்குடியாரைப் பற்றிப் பகிடி விட்டால் அவர் கடைசியாகச் சிரிப்பார், ஆனால் சிரிப்பார். அவர் பிறந்ததே முதிரைமலையில்தான்.

இது அவருடைய மனைவி அன்னப்பூரணிக்குத் தெரியாது. பத்து வயதில் ஒரு சுவாமியார் அவரை மட்டக்களப்பு விடுதியில் கொண்டுவந்து சேர்த்தார். படித்தார், உத்தியோகம் கிடைத்தது. கலியாணம் பேசியபோது ‘கொக்கட்டிச்சோலைப் பக்கம், தாய் தகப்பன் இல்லை’ என்றார். கணித ஆசிரியர் அல்லவா, பக்கம் என்றால் எவ்வளவு தூரம் என்று எல்லை போடவில்லை. தகப்பன் இல்லாதது உண்மை. தாய் அப்போது உயிரோடு சேனை கொத்திக்கொண்டிருந்தாள். எங்கள் பகுதியில் வீடு பெண்ணுக்குத்தான், மாப்பிள்ளை ஒரு பெட்டியோடு வந்து மனைவி வீட்டில் ஏறுகிறவன். பிள்ளைகளுக்கும் தாயின் குடிதான். அதனால் மாப்பிள்ளையின் குடியைக் கேட்பார்கள், கிண்டிப் பார்க்கமாட்டார்கள். அவருக்கு அது வசதியாகப் போயிற்று.

பிறகு அந்தத் தாய் செத்தாள். செய்தி பிந்தித்தான் வந்தது. வந்த அன்றும் மூர்த்தி சேர் பள்ளிக்குப் போய்ப் பின்னம் படிப்பித்துவிட்டு வந்தார்.

மலையில் அவருக்கு வேறு பேர். முதிரைமலையில் எல்லாருக்கும் இரண்டு பேர் உண்டு. ஒன்று பள்ளிக்கூடத்துக்கும் அரசாங்கத்துக்கும். மற்றது மலைப்பேர், பாறை தெரிகிற தூரத்துக்குள் மட்டும் சொல்வது. தாய் சூரைப்பழம் ஆயப்போன இடத்தில் நோவு கண்டு பிறந்தவர் என்பதால் அவர் சூரையன். மலைப்பேரை யாராவது கூப்பிட்டால், எங்கே நின்றாலும், வாயில் சோறு இருந்தாலும், உடனே ‘ஓம்’ என்று குரல் கொடுக்க வேண்டும். கரடியும் யானையும் திரிகிற காடு. கூப்பிட்டும் குரல் வரவில்லையென்றால் ஊரே பந்தம் கொளுத்திக்கொண்டு தேடக் கிளம்பும். சும்மா விளையாட்டுக்குப் பதில் சொல்லாமல் இருந்த பிள்ளைக்குப் புளியம் விளாறால் அடி விழும். சூரையனுக்கும் விழுந்திருக்கிறது.

இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு பங்குனியில் வாவிக்கு மேற்கே பீரங்கிச் செல் விழத் தொடங்கியது. சனம் கையில் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு துறைகளுக்கு ஓடிவந்தது. குருமண்வெளித் துறையில் ஆட்களை ஏற்றி இறக்குகிற மிதவை, எங்கள் பேச்சில் பாதை, ஓய்வில்லாமல் தண்ணீரில் போய்வந்தது. எங்கள் பள்ளிக்கூடத்தை மூடி, வாங்குகளை வெளியே அடுக்கி, வகுப்பறைகளை அகதிகளுக்குத் திறந்துவிட்டோம். அதிபர் நெஞ்சுவலி என்று வீட்டில் படுத்துவிட்டார். பொறுப்பு மூர்த்தி சேரின் தலையில் விழுந்தது.

முதல் நாள் வாசலில் அவரும் அன்னப்பூரணியின் அண்ணன் வல்லிபுரமும் நின்றார்கள். வல்லிபுரம் கோயில் வண்ணக்கர். கோயில் காரியமெல்லாம் அவர் கையால்தான் நடக்கும், ஊர்க் காரியமும் அப்படித்தான் நடக்க வேண்டும் என்று நினைக்கிறவர். கெட்ட மனிதர் என்று சொல்லமுடியாது. தன் வீட்டு அரிசி மூடைகளை அவர்தான் முதலில் கொண்டுவந்து இறக்கினார். ஆனால் வாய் சும்மா இராது.

“மச்சான், அடுத்த லொறியில மலைக்குடியாக்களாம். உடும்பு இஞ்ச இல்ல, என்னத்தக் குடுக்கப் போறம்?” என்றார்.

மூர்த்தி சேர் சிரித்தார். சிரிப்பு முடிவதற்குள் லொறி வந்து நின்றது.

இறங்கியவர்களில் ஒரு பெண், கக்கத்தில் கோழி, தலையில் ஒரு சாக்கு. பின்னால் வளர்ந்த ஒரு மகள். அந்தப் பெண் வாசலுக்கு வந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். பார்த்தபடியே நின்றாள். சாக்கை இறக்கி வைத்தாள். அவள் முகத்தில் அத்தனை நாள் நடந்த களைப்பும் ஒரு நொடியில் இல்லாமல் போனது. வாய் திறந்து, “அண்...” என்றாள்.

“எந்த ஊர்?” என்றார் மூர்த்தி சேர்.

குரல் கொஞ்சம் கூடிவிட்டது. வல்லிபுரமே திரும்பிப் பார்த்தார்.

அவள் வாய் அப்படியே நின்றது. பிறகு மூடிக்கொண்டது. தரையைப் பார்த்தாள்.

“முதிரைமலை, சேர்,” என்றாள்.

“பேர்?”

“தங்கப்பிள்ளை. இவ மகள், நிரோசா. மனிசன் போன வரிசம் மாடு தேடிக் காட்டுக்க போனவர், வரல்ல. வேற ஆக்கள் இல்ல.”

தங்கப்பிள்ளை அவருடைய ஒரே தங்கை. தோளில் தூக்கிக்கொண்டு சுனைக்குப் போன தங்கை. அவர் செத்துப்போன தகப்பனின் அச்சு, அவள் ஆளைக் கண்டுகொண்டது அதில்தான். ‘மூன்றாம் வகுப்பறை’ என்று கையைக் காட்டி அனுப்பிவிட்டு, மூர்த்தி சேர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அடுத்த ஆளின் பேரை அவரால் கேட்க முடியவில்லை, காதுக்குள் ஒரே இரைச்சல். வெட்கம் என்றால் முகம் சிவக்கும் என்று சொல்வார்கள். அவருக்குக் காது அடைத்தது.

அதன்பிறகு அவர் அந்த மூன்றாம் வகுப்பறைப் பக்கம் போவதைக் குறைத்தார். கிணற்றுக்குப் போவதென்றால்கூட விளையாட்டுத் திடலைச் சுற்றிப் போனார். ஆனால் மனம் விடவில்லை. நிவாரணச் சாமான் பங்கிட்டபோது, தங்கப்பிள்ளைக்கு ஒரு பால்மாப் பெட்டியைக் கூட வைத்து, வேறு ஆசிரியையிடம் கொடுத்து அனுப்பினார். பின்னேரம் அது அவருடைய மேசையில் இருந்தது.

“அந்த மலைக்குடி மனிசி கொண்டுவந்து தந்தவ,” என்றாள் ஆசிரியை. “பிழையாக் கூட ஒண்டு வந்திட்டாம். நல்ல நேர்மையான மனிசி சேர்.”

‘நேர்மை’ என்ற அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்? பெட்டியை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார்.

முகாமிலிருந்த பிள்ளைகளைச் சும்மா இருக்கவிடக்கூடாதென்று மாமரத்தடியில் அவர் கணக்குச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கியிருந்தார். ஒருநாள் கரும்பலகையில் போட்ட பின்னக் கணக்கை ஒரு பிள்ளை எழும்பி வந்து மளமளவென்று செய்து முடித்தது. ‘நல்லது மகள், ஆர் உனக்குச் சொல்லித் தந்தது?’ என்று கேட்டபடி திரும்பினால் நிரோசா. “ஒருத்தரும் இல்ல சேர், எனக்குத் தானா வருது,” என்றது அந்தப் பிள்ளை. அவருக்கு நெஞ்சு பூரித்தது. என் ரத்தம் என்று நினைத்தார். நினைத்த கையோடு பின்னால் திரும்பி, யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்தார். தனக்குள் நினைத்ததைக்கூட ஒளிக்கிற அளவுக்கு மனிதர் வந்துவிட்டார்.

சித்திரை பிறந்த கையோடு நிரோசா பெரிய பிள்ளையானாள்.

முகாமில் அது ஒரு பெரிய செய்தி. அழுது களைத்த சனத்துக்கு ஒரு நல்ல காரியம் கிடைத்தது. மூன்றாம் வகுப்பறையின் ஒரு மூலையில் சேலை கட்டி மறைத்தார்கள். அன்னப்பூரணி கேள்விப்பட்டு ஓடிவந்தாள். அவள் அப்படித்தான், யார் வீட்டு நல்லது கெட்டதென்றாலும் முதல் ஆளாய் நிற்பவள். தன் மகளின் பாவாடை தாவணியைத் தோய்த்துப் பெட்டி போட்டுக் கொண்டுவந்தாள். முட்டை, நல்லெண்ணெய், உழுந்துமா எல்லாம் வந்தது.

“நீ ஒண்டுக்கும் யோசிக்காத கா,” என்றாள் தங்கப்பிள்ளையிடம். “தண்ணி வாத்து எடுக்கிறத நாங்க எல்லாருமாச் சேந்து வடிவாச் செய்வம். வேற என்ன வேணும், சொல்லு.”

“ஒரு கல்லு வேணும் அக்கா,” என்றாள் தங்கப்பிள்ளை. மச்சாள் என்று கூப்பிட வேண்டியவளை அக்கா என்றாள்.

“கல்லா? என்ன கல்லு? அம்மியா?”

“இல்ல. சும்மா கல்லு. மலைக்கல்லு. சேரிட்டக் கேட்டா எடுத்துத் தருவார்.”

இருவரும் அலுவலகத்துக்கு வந்தார்கள். வல்லிபுரமும் அங்கே இருந்தார். தங்கப்பிள்ளை உள்ளே வராமல் நிலைப்படியில் நின்றாள்.

“சேர், எனக்கு ஒரு கல்லு வேணும்.”

வல்லிபுரம் கெக்கட்டமிட்டுச் சிரித்தார். “அகதியெண்டா அரிசி கேப்பாங்க, சீனி கேப்பாங்க. இவ கல்லுக் கேக்கிறா! மச்சான், கல்லாத்தில கல்லுக் கேட்ட முதல் ஆள் இவதான்.”

அன்னப்பூரணிக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். மூர்த்தி சேர் சிரிக்கவில்லை. முதல் தடவையாகச் சிரிக்கவில்லை. அந்த அறையில் கல் எதற்கென்று தெரிந்தவர்கள் இரண்டு பேர்தான்.

முதிரைமலையில் பெண்பிள்ளைக்கு முதல் தண்ணீர் வார்த்து முடிந்ததும், அவள் தனியே நடந்து வீட்டுக்குள் போகக்கூடாது. தாயின் சகோதரன், அம்மான், முன்னால் நடப்பான். அவள் அவனுடைய தோளில் வலது கையை வைத்துக்கொண்டு பின்னால் நடப்பாள். இவளுக்குக் கேட்க ஆளிருக்கிறது என்று ஊர் பார்க்க வேண்டும். சீர்வரிசை கிடையாது, மேளம் கிடையாது, அந்தத் தோள்தான் சடங்கு. அம்மான் செத்துப்போயிருந்தால் மட்டும் கல். மலையிலிருந்து உளி படாத ஒரு கல்லை எடுத்துக் கழுவி, மஞ்சள் பூசி, சுளகில் வைத்து, தாய் அதைத் தோளுயரம் தூக்கிக்கொண்டு முன்னால் நடப்பாள். பிள்ளை கல்லில் கை வைத்துக்கொண்டு வரும். நடக்கத் தொடங்குமுன் தாய் செத்தவனின் மலைப்பேரைச் சொல்லி, ‘இவடத்த இரிக்கான்’ என்று கூவுவாள். சுற்றி நிற்கிற எல்லாரும் ‘ஓம், இரிக்கான்’ என்று சொல்ல வேண்டும். சடங்கு முடிந்த கல்லைப் பாறையிடுக்கில் கொண்டுபோய் வைப்பார்கள். அங்கே அப்படி ஒரு வரிசையே இருக்கிறது. ஒருகாலத்தில் கொழும்பிலிருந்து ஆட்கள் வந்து, பாறையில் வெட்டியிருக்கிற பழைய எழுத்துகளையெல்லாம் மை பூசித் தாளில் ஒற்றி எடுத்துப் போனார்கள். பக்கத்தில் இருந்த கற்களை என்னவென்று ஒருத்தரும் கேட்கவில்லை. உட்கார்ந்து வெற்றிலை போட்டார்கள்.

உயிரோடு இருக்கிற அம்மானுக்குக் கல் வைத்த கதை முதிரைமலையில் இதுவரை இல்லை.

“பாப்பம்,” என்றார் மூர்த்தி சேர். தங்கப்பிள்ளை தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாள்.

மறுநாள் மத்தியானம் அவர் கிணற்றடிக்குப் போனார். இந்த முறை திடலைச் சுற்றவில்லை. தங்கப்பிள்ளை தனியே உடுப்பு அலசிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் யாரும் இல்லை என்பதைப் பார்த்துக்கொண்டுதான் போனார், அதையும் சொல்லிவிட வேண்டும்.

“தங்கம்,” என்றார்.

அவள் நிமிரவில்லை. பிழிந்த பாவாடையை உதறினாள்.

“தங்கம், நிலைமை உனக்குத் தெரியாது. கலியாணம் பேசக்குள்ள ஒண்டு சொல்லிப்போட்டன். இவ்வளவு காலத்துக்குப் பிறகு அத எப்பிடி மாத்திச் சொல்ற? மகள் கம்பசில படிக்கிறாள். வண்ணக்கர் வாயத் திறந்தா ஊர் முழுக்க... கொஞ்சம் பொறு. எல்லாம் அடங்கட்டும். மறுகா நான் மலைக்கே வாறன்.”

“அம்மா சாகக்குள்ளயும் மறுகா வருவார், மறுகா வருவார் எண்டுதான் கிடந்தவ,” என்றாள் தங்கப்பிள்ளை.

கிணற்றுக்கட்டைப் பிடித்துக்கொண்டார். திட்டினால் தாங்கியிருப்பார். அவள் கோபமில்லாமல் சொன்னாள், அதுதான் கொன்றது.

“நான் ஒருத்தருக்கும் சொல்லல்ல,” என்றாள் அவள். “சொல்லவும் மாட்டன். உங்கட மனிசி நல்ல மனிசி. என்ட புள்ளைக்கு அவ உடுப்புக் கொண்டுவந்து தந்தவ. அவவ அழவெச்சு எனக்கு என்ன வரப்போகுது? ஆனா என்ட புள்ள தனிய நடக்க ஏலாது. கல்லெண்டா கல்லு. ஆளெண்டா ஆள். ரெண்டில ஒண்டு வேணும். வெள்ளிக்கிழமை தண்ணி வாக்கிறம்.”

வாளியைத் தூக்கிக்கொண்டு போனாள். இவ்வளவு நேரமும் அவள் அவரை அண்ணன் என்றும் சொல்லவில்லை, சேர் என்றும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை வரை மூர்த்தி சேர் சோற்றைக் கோப்பையில் அளைந்துகொண்டே இருந்தார். ‘பூரணி’ என்று மனைவியைக் கூப்பிடுவார். அவள் வந்தால், ‘தண்ணி கொண்டா’ என்பார். அவள் அத்தனை தடவையும் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். சொல்லியிருக்கலாம். அன்னப்பூரணி அழுதிருப்பாள், இரண்டு நாள் பேசாமல் இருந்திருப்பாள், மூன்றாம் நாள் தங்கப்பிள்ளையைக் கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிவந்திருப்பாள். அவளைத் தெரிந்த எல்லாருக்கும் அது தெரியும். கட்டினவருக்குத்தான் தெரியவில்லை.

கடைசியில் அவர் ஒரு கணக்குப் போட்டார். கல்லுக்குச் சொல்வது மலைப்பேர். சூரையன் என்ற பேரை இந்தக் கரையில் யாருக்கும் தெரியாது. முகாமிலிருந்த மலைச் சனத்தில் அவரை ஆள் தெரிந்த கிழடுகள் யாரும் மிஞ்சவில்லை, மற்றதெல்லாம் பின்னால் பிறந்ததுகள். ஆகவே கல் வைத்தால் ஒருவருக்கும் ஒன்றும் விளங்காது. விடை சரியாக வந்தது. விடை சரியாக வந்ததை நினைத்து அவருக்கே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கல்லுத் தேடிப் போனார்.

காத்தான்குடி ஹமீட் காக்கா எங்கள் பகுதி வீதிக்கு டிப்பரில் கல்லும் சரளையும் கொண்டுவந்து கொட்டுகிறவர். வீதியோரத்தில் குவியல் குவித்து வைத்திருந்தார். மூர்த்தி சேர் குவியலில் ஏறிப் புரட்டத் தொடங்கினார். வெள்ளைச் சட்டை சாம்பலாகிவிட்டது.

“என்ன சேர், அத்திவாரமா?” என்றார் ஹமீட் காக்கா.

“இல்ல. ஒரு கல்லுத்தான். முழுக்கல்லு. வெடி வெக்காத கல்லு.”

“எல்லாம் வெடி வெச்சு உடைச்சதுதானே சேர். உடையாத கல்லு வேணுமெண்டா மலைக்குத்தான் போகணும். யாருக்கு?”

“ஒரு சடங்குக்கு.”

“எங்கட ஆக்கள அடக்கினா, மையத்துக்குத் தலைமாட்டில நாங்களும் கல்லு வெக்கிறதான்,” என்றார் ஹமீட் காக்கா, சாதாரணமாக. “அதுக்கும் பாத்து எடுக்கிறது கஷ்டம்.”

மூர்த்தி சேர் ஒரு தேங்காயளவு கல்லை எடுத்து உரப்பைக்குள் போட்டார். ஒரு பக்கம் வட்டமாக இருந்தது. மறுபக்கத்தில் வெடிக்குத் துளைத்த குழியின் பாதி, விரல் நீளத்துக்கு ஒரு கால்வாய் போல் ஓடியது. எந்த மலையின் கல் என்று ஹமீட் காக்காவுக்கும் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை காலை மாமரத்தடியில் எல்லாரும் கூடினார்கள். கல் எதற்கென்று தங்கப்பிள்ளை அதற்குள் அன்னப்பூரணிக்குச் சொல்லியிருந்தாள். வல்லிபுரத்துக்கும் மூர்த்தி சேருக்கும் முன்னுக்குக் கதிரை போட்டிருந்தார்கள். மூர்த்தி சேரும் அன்று வேட்டி கட்டியிருந்தார், வல்லிபுரம் பட்டு வேட்டியில் வந்திருந்தார். சடங்கு என்றால் யாருடையதென்றாலும் அவருக்கு மரியாதைதான்.

மூர்த்தி சேர் உரப்பையைத் தங்கையின் கையில் கொடுத்தார். அவள் கல்லை வெளியே எடுத்தாள். கழுவினாள். திருப்பியபோது அந்தக் குழி அவளுடைய விரலில் தட்டுப்பட்டது. விரலை அதில் மேலும் கீழும் ஓடவிட்டாள்.

“உளி பட்ட கல்லு,” என்றாள்.

“வேற கிடைக்கல்ல,” என்றார் அவர்.

“காரியமில்ல, சேர்,” என்றாள் தங்கப்பிள்ளை. “இவருக்கு இது போதும்.”

மஞ்சள் பூசினாள். சுளகில் வைத்தாள். பெண்கள் சேலை மறைப்புக்குள் தண்ணீர் வார்த்தார்கள், குரவையிட்டார்கள். நிரோசா நனைந்த தலையோடு, அன்னப்பூரணி கொண்டுவந்த தாவணியில், வெட்கப்பட்டுக்கொண்டு வெளியே வந்தாள். கதிரையில் இருந்த சேரைக் கண்டதும் மாணவிச் சிரிப்பு ஒன்று சிரித்தாள். தங்கப்பிள்ளை சுளகைத் தோளுக்கு உயர்த்தினாள். பிள்ளை வலது கையைக் கல்லின்மேல் வைத்தது.

“இவவுக்கு அம்மான் இல்லியா? பாவம்,” என்று வல்லிபுரம் மூர்த்தி சேரின் காதுக்குள் சொன்னார். “இப்பதான் பூரணி சொல்லி விளங்குது மச்சான், கல்லு எதுக்கெண்டு. நான் சிரிச்சிரிக்கக் கூடா.” வாழ்நாளில் வல்லிபுரம் தன் வாயைத் தானே நொந்துகொண்டதை மூர்த்தி சேர் கேட்டது அன்றுதான். அந்த ஒரு சொல்லில் எழும்பியிருக்கலாம். கதிரையின் கையைப் பிடித்தார். எழும்பவில்லை.

அன்னப்பூரணி எல்லாருக்கும் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். “அவ பேரச் சொல்லி இரிக்கான் எண்டு சொல்லுவாவாம். நாம எல்லாரும் ஓம், இரிக்கான் எண்டு சொல்லணும். சத்தமாச் சொல்லுங்க கா, செத்தவருக்குக் கேக்கணும்.”

தங்கப்பிள்ளை மூச்சை இழுத்தாள். அவள் குரல் தாயின் குரல். பாறையின் அடியில் நின்று, இருட்டுகிற நேரம், சேனைக்குள் விளையாடுகிற மகனைக் கூப்பிடுகிற அதே இழுவை.

“சூரையா...ன்!”

“ஓம்!”

மூர்த்தி சேரின் வாய்தான். அவர் சொல்லவில்லை, வாய் சொன்னது. கதிரையை விட்டுப் பாதி எழும்பியும் விட்டார். இத்தனை வருசமாக யாரும் கூப்பிடாத பேருக்கு, புளியம் விளாறுக்குப் பயந்த பிள்ளை உள்ளே இருந்து குரல் கொடுத்துவிட்டது.

“...இவடத்த இரிக்கான்!” என்று தங்கப்பிள்ளை முடித்தாள். அவளுடைய தோள் ஒருதரம் அசைந்தது. சுளகு அசையவில்லை.

“ஓம், இரிக்கான்!” என்றது கூட்டம் முழுவதும். வல்லிபுரம் சொன்னார். அன்னப்பூரணி எல்லாரையும்விடச் சத்தமாகச் சொன்னாள். அவருடைய ஒற்றை ‘ஓம்’ அத்தனை ‘ஓம்’களுக்குள்ளும் போய்விட்டது. சேருக்கு அவசரம், முந்திச் சொல்லிவிட்டார் என்று நினைத்துப் பின்னால் இரண்டு பெண்பிள்ளைகள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள்.

அவர் பாதி எழும்பியபடி நின்றார். இனி முழுதாக எழும்பினால் போதும். தங்கப்பிள்ளை திரும்பிப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே நின்றாள், நடக்கவில்லை. கல்லின்மேல் பிள்ளையின் கை. பார்க்கிற கண்களில் அவள் வாசலில் இறங்கிய அன்றைய முகம் ஒருதரம் வந்தது. அவருக்கு நன்றாகத் தெரிந்தது, காத்து நிற்கிறாள்.

மூர்த்தி சேர் வேட்டியைச் சரிசெய்கிறவர் போல மடிப்பைத் தட்டிவிட்டு உட்கார்ந்தார்.

தங்கப்பிள்ளை முன்னால் திரும்பினாள். நடந்தாள். பிள்ளை உளி பட்ட கல்லில் கையை வைத்துக்கொண்டு பின்னால் நடந்தது. அவருடைய கதிரைக்கு முன்னால் போகும்போது கல்லிலிருந்து மஞ்சள் தண்ணீர் ஒரு சொட்டு அவருடைய காலில் விழுந்தது. அவர் காலை இழுக்கவில்லை.

வீட்டுக்குப் போகும் வழியில் அன்னப்பூரணி கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தாள். அவர் பக்கத்தில் மோட்டார் சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்தார்.

“என்ன வடிவான சடங்கு,” என்றாள். “நம்மட ஆக்களிட்ட இப்பிடி ஒண்டும் இல்ல. அந்தச் சூரையன் நல்ல மனிசனா இரிந்திருப்பான், என்ன? இல்லாட்டி அந்த மனிசி அப்பிடிக் கூப்பிடுவாவா.”

கொஞ்சத் தூரம் போனதும் அவள் நின்றாள்.

“இஞ்சேருங்க, அவ பேரச் சொன்ன உடன நீங்க ஓம் எண்டீங்களே. நாங்க ஒருத்தரும் சொல்றதுக்கு முந்தி. ஆரோ உங்களக் கூப்பிட்ட மாதிரி.”

அவள் அவருடைய முகத்தையே பார்த்தாள். சந்தேகமில்லை, குற்றச்சாட்டில்லை. கேட்க வேண்டும்போல் இருந்தது, கேட்டாள்.

“எல்லாரும் சொல்லணுமெண்டு நீதானே சொன்னாய்,” என்றார் மூர்த்தி சேர். “அதான் நானும் சொன்னன்.”